அசையாமல் நில்லுங்கள் என்றேன்

பெற்ற மகளுக்குத் தன் முகம் தெரியாது என்ற உண்மையை, ஒரு தாய்க்கு ஊர் நடுவே ஒலிபெருக்கியில் அறிவிக்கும் துணிவு எனக்கு எங்கிருந்து வந்தது?

துணிவு என்று சொல்வதுகூடப் பொய். அது ஆசை. நான் எழுதிக்கொண்டிருந்த கதைக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. அதற்காக அமலி என்ற பதின்மூன்று வயதுச் சிறுமியை, அவள் தோற்பாள் என்று தெரிந்தே மேடையேற்றினேன்.

தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். என் புத்தகத்தைப் படித்தவர் என்றால், நீங்களும் என்னை நல்லவள் என்றே எண்ணியிருப்பீர்கள்.

இல்லை... தெரிந்துதான் செய்தேன்!

நான் சமூகப்பணியில் முதுகலை படித்தவள். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம் எங்களுடையது. படிப்பை முடித்து ஊர் திரும்பியதும், சமுதாய நலக்கூடத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கான வாசிப்பு வட்டத்தைத் தொடங்கினேன். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்தார்கள். அதில் எனக்குச் சொல்லி மாளாத பெருமை. அவர்களுக்காக அறிவியல் புனைகதைகளை நானே எழுதி, நானே வாசித்தும் காட்டுவேன்.

அந்தப் பாயின் ஓரத்தில் அமர்ந்திருந்தவள்தான் அமலி. அவள் அப்பா அரியூரில் ஒரு மருத்துவமனையில் காவலாளி. அம்மா சகாயமேரி முன்பு எங்கள் வயலில் நடவு நட்டவர்; இப்போது அரியாங்குப்பத்தில் வீட்டு வேலைக்குப் போகிறார். என்னை இடுப்பில் தூக்கி வைத்திருந்த பழக்கத்தில், இத்தனை படித்த பிறகும் அவருக்கு நான் 'பாப்பா'தான்.

அமலியிடம் ஒரு திறமை இருந்தது. தொலைவில் யார் வந்தாலும் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். வரப்பின் மறுகோடியில் ஒரு புள்ளியாகத் தெரிபவரைக்கூடப் பெயர் சொல்லி அழைப்பாள். ஒருநாள் தெருவில் போன பெரியவர் ஒருவரைப் பார்த்து, "அந்தத் தாத்தாவுக்கு நேத்துலேர்ந்து எடது முட்டி வலிக்குதுக்கா" என்றாள். விசாரித்தேன், உண்மைதான்.

சகாயமேரிக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. "நான் தெருமொனையில திரும்பும்போதே எம்மவ வூட்டுக்குள்ளேர்ந்து 'அம்மா, வந்துட்டியா'ன்னு கொரல் குடுக்கும் பாப்பா. எங்க வூட்டு நாயி அப்புறமாத்தான் காத தூக்கும்!" என்று சிரிப்பார்.

அந்தத் திறமையின் மறுபக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியவந்தது.

வழக்கமாகப் புடவை கட்டும் நான், அன்று சுடிதார் அணிந்து, தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலை விரித்துப் போட்டபடி கூடத்தில் அமர்ந்திருந்தேன். அமலி உள்ளே வந்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். மரியாதையோடு கேட்டாள்:

"அக்கா இன்னும் வரலைங்களா?"

விளையாடுகிறாள் என்று நினைத்து, "எந்த அக்காடி?" என்றேன். குரலைக் கேட்டதும் அவள் முகம் வெளிறிப்போனது.

மற்ற பிள்ளைகள் வருவதற்குள் மெல்லமெல்லச் சொன்னாள். "கண்ணு, மூக்கு, வாயி... எல்லாம் தெரியுதுக்கா. ஆனா இது யாரோட மூஞ்சின்னு மட்டும் தெரியாது. அந்தாண்ட திரும்பிட்டா அதுவும் மறந்துபூடும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எல்லாரும் நடையப் பாத்துதான் கண்டுபுடிக்கறாங்கன்னு நெனச்சிகிட்டிருந்தேன்."

"உங்க அம்மாவை?"

"அம்மா நடந்தா தெரியும். பேசுனா தெரியும். வளையல் சத்தம் தெரியும்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்கக்கா. எம்மூஞ்சியே அவங்க ஜாடைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகிட்டிருக்காங்க."

சத்தியம் செய்தேன். கையில் அடித்துச் செய்தேன்.

அன்றே நான் செய்திருக்க வேண்டியது என்ன? ஒரு மருத்துவரிடம் அவளை அழைத்துப் போயிருக்கலாம். இப்படி ஒரு நிலை உண்டு, இது நோயன்று, குற்றமுமன்று என்று, அவள் சம்மதத்தோடு அந்தத் தாய்க்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். என் படிப்பு அதற்கானதுதானே?

நானோ வீட்டுக்கு ஓடி, கதை எழுத உட்கார்ந்தேன்!

கதை இதுதான். நல்லவாடு கடற்கரையில் ஒரு விடியற்காலையில் இயந்திரங்கள் கரையேறுகின்றன. ஊர் மக்களின் முகங்களை அப்படியே அணிந்துகொண்டு வீடுகளுக்குள் புகுகின்றன. எவராலும் பிரித்தறிய முடியவில்லை. முகங்களையே அறியாத ஒரு சிறுமி மட்டும் ஏமாறவில்லை. அப்பாவின் முகத்தோடு வரப்பில் வருவது, காலடியைப் பார்க்காமல் நடப்பதை அவள் கண்டுகொள்கிறாள். இத்தனை நாள் ஊர் கேலி செய்த குறையே ஊரைக் காக்கிறது.

இப்படிப்பட்ட கதைகள் எதை வைத்து எழுப்பப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? வித்தியாசமாகப் பிறந்த ஒரு பிள்ளை. முதலில் ஊர் அதைப் பார்த்துச் சிரிக்கிறது, பிறகு ஒதுக்குகிறது. அந்தத் தனிமையில் அதன் ஆற்றல் கூர்மை பெறுகிறது. கடைசியில் உலகம் அதன் காலடிக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறது. எல்லாக் காயமும் ஒரு பயிற்சி. எந்த அவமானமும் வீண் போவதில்லை. இதை நான் மனமார நம்பினேன். பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொன்னேன்.

ஊரின் பெயரையும் சிறுமியின் பெயரையும் மாற்றி, கதையின் முதல் பகுதியை அமலிக்குத் தனியாக வாசித்துக் காட்டினேன். கண்கள் விரியக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்:

"மெசின் எதுவும் வரலைன்னு வெச்சிக்கங்கக்கா. அப்போ அந்தப் பொண்ண இன்னா பண்ணியிருப்பாங்க?"

நான் சிரித்தேன். "மெசின் வராட்டா அப்புறம் கதை ஏதுடி?" என்றேன்.

என்ன ஒரு பதில்! வித்தியாசமாக இருப்பதற்கு அனுமதி வேண்டுமென்றால், அதற்கு விலையாக உலகைக் காப்பாற்றித் தர வேண்டும் என்று ஒரு குழந்தையின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். அது எனக்கு அன்று உறைக்கவில்லை.

கதை ஓரிடத்தில் நின்றுவிட்டது. இயந்திரங்கள் விழித்துக்கொள்கின்றன, நடையால்தான் பிடிபடுகிறோம் என்று அறிந்து, அசையாமல் நிற்கக் கற்றுக்கொள்கின்றன. பேசாமல், அசையாமல் வரிசையாக நிற்கும் உருவங்களுக்குள் சிறுமியின் தாயும் ஒருத்தி. இப்போது அந்தச் சிறுமி என்ன செய்வாள்? எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன், எல்லாமே உயிரற்றிருந்தன.

உண்மையான ஒருத்தி என்ன செய்வாள் என்று பார்க்க விரும்பினேன். இதோ, சொல்லிவிட்டேன்.

வாசிப்பு வட்டத்தின் ஆண்டு விழா வந்தது. கூடத்தின் முன்னே பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவையும் அழைத்திருந்தேன். விழா என்றால் குழுப் பெண்கள் அனைவரும் ஒரே புடவையில்தான் வருவார்கள். மஞ்சள் கரை போட்ட நீலப் புடவை, ஒரே கடையில் மொத்தமாக எடுத்தது. சகாயமேரியும் அந்தக் குழுவில் ஒருத்தி. அதை முன்கூட்டியே எண்ணித்தான் அழைத்தேன்.

விழாவுக்குச் சற்று முன் அவரைத் தனியே கூப்பிட்டேன்.

"மேரிக்கா, கடைசியில ஒரு விளையாட்டு இருக்கு. வரிசையா நிக்கணும். வளையல், கொலுசு எல்லாம் கழட்டிடுங்க. பேசக்கூடாது, இருமக்கூடாது, அசையவே கூடாது. அமலி வந்து உங்களைக் கண்டுபிடிப்பா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இது இன்னா பாப்பா, கொழந்த வெளாட்டு! பெத்த தாய கண்டுபுடிக்கறது ஒரு வெளாட்டா? வேற எதனா கஷ்டமா குடு எம்மவளுக்கு!"

சிரித்துக்கொண்டே வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கண்ணாடி வளையல்கள். அவற்றை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன்.

நான் விளைவுகளை எடை போடுகிறவள். அன்றும் போட்டேன். ஒரு தட்டில் ஒரு பிள்ளையின் கணநேர வெட்கம். மறுதட்டில், இந்தக் கதையைப் படித்து வித்தியாசமானவர்களை மதிக்கக் கற்கப்போகும் எத்தனையோ பிள்ளைகள். தட்டு எந்தப் பக்கம் தாழ்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தராசில் சகாயமேரியை நான் வைக்கவே இல்லை.

முதல் பகுதி அற்புதமாக நடந்தது. பெயர் சொல்லாமல் ஆட்கள் ஒவ்வொருவராக மேடையின் குறுக்கே நடந்தார்கள். அமலி கீழே முதுகு காட்டி நின்று, அவர்கள் பாதி தூரம் வந்ததும் திரும்பிப் பெயரைச் சொன்னாள். ஒன்றுகூடத் தவறவில்லை. விக்கி என்றொரு பையன், எங்கள் வட்டத்திலேயே வால்தனம் மிகுந்தவன், வேண்டுமென்றே காலை இழுத்து நொண்டிக்கொண்டு வந்தான்.

"டேய் விக்கி, உங்க அண்ணன் மாதிரி நடந்தா தெரியாதா? அவரு கூட இப்படி நொண்ட மாட்டாரு, போடா!" என்றாள்.

பந்தலே அதிர்ந்தது! விக்கிகூடத் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்து பழகியவள், அன்று ஊருக்கு நடுவே பாவாடையின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு மகிழ்ச்சியாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்பும் பார்க்கவில்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம்... மைக்கை எடுத்தேன். "இனி கடைசிக் கட்டம்" என்றேன். "அசையாமல் நில்லுங்கள்."

நீலப் புடவைகள் வரிசையாக நின்றன. கிட்டத்தட்ட ஒரே உயரம், எண்ணெய் தடவி இழுத்து முடிந்த கொண்டை, வெறுங்கை, வெறுங்கால்.

அமலி திரும்பினாள். அவள் தோள்கள் கீழிறங்குவதைப் பார்த்தேன். என் பக்கமாக ஒருமுறை பார்த்தாள். மைக்கைப் பிடித்திருப்பது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். நான் புன்னகை செய்தேன். அந்த முகத்தை மட்டும் வைத்து அது நான்தான் என்று அவளால் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும்!

வரிசையின் முன்னே மெதுவாக நடந்தாள். திரும்பி வந்தாள். "யாராவது ஒரு தபா நடங்களேன்..." என்றாள், கெஞ்சலாக. பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

சகாயமேரியின் முன்னால் வந்து நின்றாள். அவர் மோவாயைச் சற்றுத் தூக்கி, கண்களை அகல விரித்து, இறுக்கிய உதட்டில் புன்னகையோடு நின்றார். இதோ நான்தானே, சொல்லு, என்று அந்த முகம் முழுவதும் எழுதியிருந்தது. அமலி அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

பிறகு நகர்ந்து போனாள்.

தாயின் புன்னகை உடனே மறையவில்லை. என்ன நடந்தது என்று யாரும் இன்னும் அதற்குச் சொல்லவில்லை என்பதுபோல் சற்று நேரம் அங்கேயே இருந்தது.

வரிசையின் கோடியில் நின்ற வேறொரு பெண்ணின் கையைப் பிடித்து, அமலி மெல்லிய குரலில் "அம்மா" என்றாள்.

சிரிப்பு வெடித்தது. "டேய், அம்மாவையே தெரியலடா இதுக்கு!" என்று விக்கி கத்தினான். கையைப் பிடிக்கப்பட்ட பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அமலி..." என்றார் சகாயமேரி. குரல் கேட்ட அந்தக் கணமே அவள் திரும்பிவிட்டாள். "இங்க நிக்கறேன்டி நான். மூஞ்சிக்கு நேரா வந்து பாத்துட்டுத்தான போன?"

"நீதான் பேசவே இல்லையேம்மா..."

"பேசணுமா? எம்மூஞ்சி தெரியலியா ஒனக்கு?"

அமலி தான் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். பிள்ளை பயந்துவிட்டாள், விளையாட்டுத்தானே என்று ஒரு வார்த்தை சொல்லி மூடிமறைத்திருக்கலாம். நானோ மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "இதைக் கண்டு யாரும் சிரிக்கக்கூடாது. இது ஒரு நிலை. அமலிக்கு எவருடைய முகமும் அடையாளம் தெரியாது, பெற்ற தாயின் முகம் உட்பட. இருந்தும் அவள் எவ்வளவு திறமைசாலி என்று பார்த்தீர்கள். எல்லோரும் கைதட்டுங்கள்!"

கைதட்டினார்கள். எனக்காகத் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள் சகாயமேரி இரு கைகளாலும் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போலத் தோட்டத்து வழியாக. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ராத்திரி கண்ணாடியில பாத்தேன் பாப்பா. எம்மூஞ்சில அப்படி இன்னா இல்ல?"

அறிவியலை விளக்கினேன். மூளை, நினைவு, பிறவியிலேயே வருவது... அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா? வளையல கழட்டச் சொன்னியே... அதுக்குத்தானா?"

இந்த வாக்குமூலத்தை இத்தனை காலம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இந்த ஒரு கேள்விதான். உண்மையைச் சொல்லியிருந்தால், அவருக்கு வெறுக்க ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

"இல்லக்கா" என்றேன். "எனக்கும் அப்பத்தான் தெரிஞ்சுது."

அவர் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன்! பாப்பா அப்படிப் பண்ணுமா? என்னச் சொல்லணும். ஒண்ணாவது கையில கெடக்கட்டும்னு விட்டிருக்கலாம். பெத்தவளுக்குப் புத்தி வேணாம்?"

வளையல்களைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

என் பொய்யை அமலி உடைக்கவில்லை. தான் முன்பே என்னிடம் சொன்னதை வெளியே சொன்னால், அம்மாவிடம் மறைத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் நான் கணக்கிட்டிருந்தேன்.

பிறகு பிள்ளைகள் தங்கள் பங்கைச் செய்தார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் சீருடையோடு அவள் முன்னால் வந்து, மூச்சுக்கூட விடாமல் நிற்பார்கள். "ஏய், நான் மனுசனா மெசினா? சொல்லிட்டுப் போ!" அந்தக் கேள்வியை அவர்கள் கையில் கொடுத்தது என் கதை, விழாவுக்கு முந்தைய வாரம் வட்டத்தில் நான்தான் வாசித்தேன். விக்கியைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். "நீங்க பண்ணதத்தான்க்கா நாங்களும் பண்றோம்" என்றான். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவனுக்கு வித்தியாசம் புரியவில்லை.

இப்போது யோசித்தால் எனக்கும் புரியவில்லை.

அமலி வட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தெருவில் நடந்துபோகிறவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதையும் நிறுத்திவிட்டாள். தனிமையில் அவள் ஆற்றல் கூர்மை பெறவில்லை. யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. கதைகளில் நடக்கும் எதுவும் நடக்கவில்லை.

ஆனால் என் புத்தகத்துக்கு முடிவு கிடைத்துவிட்டது! அந்தப் பார்வை, கீழிறங்கிய தோள்கள், "ஒரு தபா நடங்களேன்" என்ற கெஞ்சல், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். கடைசியை மட்டும் மாற்றினேன். என் கதையில் சிறுமி தாயின் முன் நிற்கிறாள், முகம் தெரியவில்லை, ஆனாலும் கண்டுகொள்கிறாள். எப்படி என்று நான் எழுதவில்லை. அன்பு என்று வாசகர்கள் தாமே நிரப்பிக்கொண்டார்கள். அழுதோம் என்று எழுதினார்கள். அந்தப் புத்தகம் இன்னும் விற்பனையில் இருக்கிறது. நிறுத்தச் சொல்லி நான் பதிப்பகத்துக்கு ஒரு சொல்லும் எழுதியதில்லை.

அமலியும் படித்திருக்கிறாள். தபால் நிலையத்துக்கு அருகில் ஒருமுறை எதிர்ப்பட்டபோது, நான் நடந்து வந்ததால் என்னை அறிந்துகொண்டு, தானாகவே நின்றாள்.

"கத நல்லா இருந்துதுக்கா" என்றாள். "அவ கண்டுபுடிச்சிட்டா."

அவ்வளவுதான். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் எதையாவது பதிலாகச் சொல்லியிருப்பேன்.

சென்ற மாதம் பாகூர் பேருந்து நிறுத்தத்தில் மறுபடியும் அவளைப் பார்த்தேன். கல்லூரிப் பையோடு, உயரமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கமாகவே வந்தாள். பேச வேண்டும் என்று எத்தனையோ முறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். வாய் திறக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா?

அசையாமல் நின்றேன்.

அவள் என் முகத்தை ஒருகணம் நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, என்னைக் கடந்து போனாள்.

என் கதையில் அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டவை எவை என்று உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் மன்னிப்பை நான் கேட்கவில்லை. அதைக் கொடுக்க வேண்டியவர்களிடம் இன்னும் உண்மையையே சொல்லாதவள் நான்.

அமலியின் வீடு எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில்தான். மாலையில் சகாயமேரி வேலை முடிந்து திரும்பும் நேரம் எனக்குத் தெரியும். இப்போது உள்ளிருந்து எந்தக் குரலும் முதலில் வருவதில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றி, வளையல்களை ஒருமுறை குலுக்கி, "அம்மாதான்டி வந்திருக்கேன்" என்று சொன்ன பிறகே தன் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறார்.